லிட்டருக்கு ஒன்பது புள்ளி ஆறு

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அரசு ஆவணங்களின்படி அவை எழுபதும் சமதரையில் இருக்கின்றன. ஆகவே, மலைத்தோட்ட ஒருங்கிணைப்புப் பிரிவின் செம்மேட்டு அலுவலகத்துக்குச் சொந்தமான வெள்ளை நிறப் பெட்ரோல் கார், லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடக் கடமைப்பட்டிருந்தது.

அது ஏழுதான் ஓடியது.

காருக்கு மெமோ கொடுக்க விதியில் இடமில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் ஓட்டுநர் குழந்தைவேல் இருந்தார். அரியூர் நாட்டுக்காரர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு). ஒப்பந்தப் பணியாளர், அதாவது பதினோரு மாதத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கிறவர். அடுத்த சாவு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. அதற்குள் அவர் பேரில் மெமோ எதுவும் இல்லாமல் இருந்தால் மறுபிறப்பு உண்டு. இருந்தால், வீட்டுக்குப் போய் மிளகு பறிக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் எரிபொருள் தணிக்கையாளர் அண்ணாமலை கீழே இருந்து வந்தார். (இவர் பேச்சை வாசிக்கும்போது கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்ளவும். அச்சு அசலாக வரும்.)

"லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் குறையுது. மிச்சப் பெட்ரோல் எங்கய்யா போச்சு?"

"ஏத்தத்துல போச்சுங்க சார்."

"ஏறின வண்டி இறங்கும்தானே?"

"இறங்குமுங்க."

"ஏறினதுல இறங்கினதைக் கழி. பூஜ்யம். அப்ப ரோடு சமம். பெட்ரோல் எங்க?"

குழந்தைவேலால் கழிக்க முடியவில்லை. மெமோ வந்தது. 'தாங்கள் பெட்ரோலைக் களவாடவில்லை என்பதை, களவாடப்படாத அந்தப் பெட்ரோலை நேரில் காட்டி மெய்ப்பிக்குமாறு இதன்வழி அறிவுறுத்தப்படுகிறது.'

குழந்தைவேல் காரைப் பேளுக்குறிச்சிக்கு இறக்கினார். அங்கே மெக்கானிக் இளங்கோ ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். கரும்புகையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு டாக்டர் மாதிரி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு ஆக்சிஜன் சென்சாரும் போச்சுங்க. பொகைக் கொழாயில முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு இருக்கும். முன்னால இருக்கறது, பொகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாத்து இஞ்சினுக்குச் சொல்லோணும். இது 'பெட்ரோல் பத்தல, பத்தல'ன்னே சொல்லிட்டிருக்குது. இஞ்சினும் நம்பி ஊத்துது. பின்னால இருக்கறது அதைச் செக் பண்ணோணும். அது எல்லாம் நல்லா இருக்குதுன்னு தூங்குது. ரெண்டையும் மாத்துங்க, பதிமூணு குடுக்கும்."

இதை அப்படியே அலுவலகக் கண்காணிப்பாளர் கோகிலவாணியிடம் வந்து சொன்னார் குழந்தைவேல். (மேடம் குரலுக்கு மூக்கை லேசாகப் பிடித்துக்கொள்ளவும்.)

"அதாவது, முன்னால இருக்கறது தப்பா ரிப்போர்ட் எழுதுது. பின்னால இருக்கறது படிக்காமயே ஓகே பண்ணுது."

"ஆமாங்க மேடம்."

"இதுல என்ன ரிப்பேரு? நம்ம ஆபீஸே இருபது வருசமா இப்படித்தான ஓடுது?"

"ஆபீஸ் பெட்ரோல் குடிக்காதுங்களே மேடம்."

இந்த வாதத்தில் இருந்த நியாயத்தை ஏற்று, மேடம் கோப்பு ஒன்றைத் திறந்தார். அது ஜூலை மாதம்.

கோப்பு மேலே போனது. கேள்விகள் கீழே வந்தன. 'சென்சார்கள் இரண்டு எதற்கு? முதலில் ஒன்றை மாற்றி, அதன் நன்னடத்தையைக் கண்டு மற்றதைப் பரிசீலிக்கலாகாதா?' பதில் போனது. 'புகையை அறிந்து சொல்வதே மேற்படி பொருளின் பணியெனில், அப்பணியை ஓட்டுநரே கூடுதல் பொறுப்பாக ஏற்க இயலாதா?' ஓட்டுநர் முன்னால் உட்காருகிறார், புகை பின்னால் போகிறது என்று பதில் போனது. 'ஓட்டுநர் பின்னால் அமராமைக்குக் காரணம் கூறுக' என்று வந்தது.

பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. இளங்கோ இரண்டு சென்சார்களையும் மாற்றினார். அன்று மலை ஏறிய கார் இருமவில்லை, புகைக்கவில்லை, கியர் மாற்றும்போது முனகவில்லை. ஒரு வாரம் ஓட்டி, டேங்கை நிரப்பி, கணக்குப் போட்டால் பதிமூன்று புள்ளி ஒன்று. குழந்தைவேல் அதைப் பதிவேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, அலுவலகம் முழுக்கக் காராபூந்தி கொடுத்தார்.

இந்த இடத்தில் உதவி இயக்குநர் சிவபிரகாஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு அந்த வருடம் பசுமை பிடித்திருந்தது. மூங்கில் பிரஷ்ஷில் பல் தேய்ப்பார். சைக்கிளை ஒரு ஜீப்பில் ஏற்றி மேலே வரவழைத்து, வியூ பாயின்ட்டில் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்து, அதே ஜீப்பில் கீழே அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் பதிமூன்று புள்ளி ஒன்றை விடுவாரா? கார் பானெட்டைத் தடவியபடி ஒரு படம். 'கார்பன் தடம் குறைப்போம்!' வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார்.

அதை அண்ணாமலை பார்த்தார்.

எட்டு மாதம் ஒரு கோப்பை நகர்த்தத் தெரியாத அரசு, இரண்டே நாளில் அடுத்த மெமோவைக் கொண்டுவந்து சேர்த்தது. 'மேற்படி வாகனம் லிட்டருக்கு 13.1 கி.மீ. ஓட வல்லது என்பது ஐயந்திரிபற மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஆகவே, கடந்த மூன்றாண்டுகளாக அது 7 கி.மீ. மட்டுமே ஓடியதாக எழுதியது புனைவு என்பதும், வித்தியாசப் பெட்ரோலை ஓட்டுநரும், பதிவேட்டில் மாதந்தோறும் ஒப்பமிட்ட அலுவலரும் கூட்டாகக் களவாடினர் என்பதும் தெளிவாகிறது. வரும் வெள்ளியன்று நேரில் சோதனை ஓட்டம் நடத்தப்படும்.'

'அலுவலரும்' என்ற சொல் வந்ததும் சிவபிரகாஷின் முகத்தில் இருந்த பசுமை வெளுத்துவிட்டது.

"குழந்தைவேல், உன்னை யாருய்யா இவ்வளவு நல்லா ஓட்டச் சொன்னது?"

"பழைய சென்சாரையே மாட்டிரலாமுங்களா சார்?"

"மாட்டுனா ஏழு வரும்" என்றார் கோகிலவாணி. "ஏழு வந்தா, புதுசு வாங்குனது தண்டச் செலவு. அதுக்குத் தனி மெமோ. பதிமூணு வந்தா முன்னாடி திருடியாச்சு. ஏழு வந்தா இப்ப வீணடிச்சாச்சு."

"அப்ப நான் என்னதானுங்க ஓட்டறது?"

மேடம் கால்குலேட்டரை எடுத்து, கண்ணை மூடி, திறந்தார்.

"ஒன்பது புள்ளி ஆறு. சென்சாரும் உழைச்சிருக்கு, முன்னாடியும் யாரும் திருடல. மரியாதையான நம்பர்."

நல்ல காரைக் கெட்ட கார் ஆக்குவது சுலபம். அளவாகக் கெடுப்பதுதான் கஷ்டம். ஆலத்தூர் நாட்டு அத்தாயி அப்போது மூன்று மூட்டை குச்சிக்கிழங்கோடு செம்மேட்டில் வண்டிக்குக் காத்திருந்தார். பாரத்துக்காக அந்த மூட்டைகளை டிக்கியில் ஏற்றிச் சோதித்தார்கள். பதினொன்று புள்ளி எட்டு.

"கெழங்கைத் தனியா அனுப்ப மாட்டேன் சாமி" என்று அத்தாயியும் ஏறிக்கொண்டார். ஏசியை முழு வேகத்தில் வைத்தார்கள். பத்து புள்ளி நான்கு.

இன்னும் ஓர் ஆள் பாரம் தேவை என்று தெரிந்ததும் அலுவலக வாசலில் ஊரே வரிசை கட்டியது. "எனக்கு எழுபத்திரண்டு கிலோங்க." "நான் சாப்புட்டு வந்தா எண்பதுங்க." மேடம் எல்லாரையும் எடைச் சான்று வாங்கி வரச் சொன்னார். கடைசியில் சிவபிரகாஷே ஏறி, அண்ணாமலைக்கு ஈடாக முன் சீட்டில் ஒரு மணல் மூட்டையை வைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டதும் மலை ஒத்துக்கொண்டது. ஒன்பது புள்ளி ஆறு.

வெள்ளிக்கிழமை. டேங்க் வழிய வழிய நிரப்பப்பட்டது. அண்ணாமலை முன்னால் ஏறினார்.

"டிக்கியில என்ன?"

"ஆய்வு மாதிரிகள் சார்" என்றார் சிவபிரகாஷ்.

"பின்னால அந்தம்மா?"

"மாதிரிகளுக்குப் பொறுப்பாளர்."

"ஏசி போட்டுட்டு ஜன்னல் ஏன் திறந்திருக்கு?"

"இயற்கையோட இணைஞ்சு போறோம் சார்."

அடிவாரம் வரை போய் வந்தது கார். நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மறுபடி நிரப்பினார்கள், சரியாக ஐந்து லிட்டர் பிடித்தது. அண்ணாமலை மூன்று தடவை வகுத்துப் பார்த்தார்.

"இதுதான் உண்மையான மைலேஜ். பதிமூணுன்னு எழுதினவனுக்குக் கணக்குத் தெரியல. பரவாயில்ல, நேர்மையான ஆள்."

மெமோ இரண்டும் ரத்தாயின. 'இவ்வாகனம் இனி எக்காலத்தும் லிட்டருக்கு 9.6 கி.மீ. ஓடும்' என்று ஆணை பிறந்தது. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி குழந்தைவேலும் மறுபிறவி எடுத்தார்.

ஏப்ரலில்தான் சிக்கல். கிழங்கு விற்றுப்போனது, அத்தாயி வீட்டுக்குப் போய்விட்டார். காலிக் கார் தன் புத்தியைக் காட்டிப் பதிமூன்று ஓடியது. பெட்ரோலோ ஒன்பது புள்ளி ஆறு கணக்கில் வந்துகொண்டே இருந்தது. குழந்தைவேல் மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், மாசம் முப்பது லிட்டர் மிஞ்சுதுங்க. திருப்பிக் குடுத்தரலாமுங்களா?"

"பெட்ரோல் வாங்கப் படிவம் இருக்கு. திருப்பிக் குடுக்கப் படிவம் கிடையாது."

"அப்பப் பதிமூணுன்னே எழுதீறனுங்க."

"எழுது. மூணு வருசத் திருட்டு மறுபடி உயிரோட வரும்."

"அன்னைக்குத் திருடாம இருந்ததுக்குத் திருடன்னாங்க. இன்னைக்குத் திருடுனாத்தான் நேர்மையான ஆளுங்களா?"

"இப்பத்தான் உனக்கு நிர்வாகம் புரியுது."

வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூட எடுக்காத குழந்தைவேல், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள கேன் ஒன்று வாங்கினார். ஐந்து லிட்டர் மேடத்தின் ஸ்கூட்டருக்கு. ஐந்து, சிவபிரகாஷ் சார் பைக்குக்கு. அப்படியும் தீராததால் மீதி ஊருக்கு. அத்தாயியின் களைவெட்டும் மிஷினுக்கு இரண்டு லிட்டர். எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டில். அந்த அலுவலகத்தில் நடக்கும் ஊழல்களைப் பற்றி நாங்கள் நூற்றுப் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு தயாராக வைத்திருந்தோம். நல்ல கெட்டியான தாள். சுருட்டினால் பெட்ரோல் ஊற்ற அருமையான புனல்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் குழந்தைவேல் கேனைக் கவிழ்த்தபோது பாதி மிஷின்கூட நிறையவில்லை.

"ஏங்கண்ணு, அளவு கொறையுது?" என்றார் அத்தாயி.

"வண்டி நெறையக் குடிக்குதுங்க. பொகையும் வருது. சென்சாரு மறுபடி போச்சாட்ட இருக்குதுங்க."

அத்தாயிக்கு வந்ததே கோபம். சுற்றி நின்ற எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அதைப் போயி சாவகாசமாச் சொல்ற! கோப்புக் கீப்புன்னு மறுபடி எட்டு மாசம் இழுத்தாங்கன்னா சனங்க என்ன பண்றது? ஒரு கவருமெண்டுன்னா கொஞ்சமாச்சும் பொறுப்பு வேண்டாமா? எடுங்கடா ஒரு தாளை, மனு எழுதுவோம்!"

நூற்றுப் பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.