கேக்குக்கு இருபது, குவாரிக்கு மூன்று

எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தப் பிக்கப் வண்டிதான். மற்றதெல்லாம் என் மனைவியின் பொறுப்பு. அந்தப் பட்டியலில் நானும் அடக்கம்.

வண்டி என்னுடையது என்று நான்தான் சொல்லிக்கொள்வேனே தவிர, அதன் கதவைப் பார்க்கிறவன் நம்ப மாட்டான். இரண்டு கதவிலும் ரோஜா நிறத்தில் பெரிய கேக் படம். படத்துக்குக் கீழே அவளுடைய போன் நம்பர். அவள் வீட்டிலேயே அடுக்கு கேக் செய்து விற்கிறவள். ஆபீஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளுடைய டிரைவர்.

அன்றைக்குச் சோபாவில் நிம்மதியாகக் காலை நீட்டினேன். அவள் எதிரே வந்து நின்றாள்.

"இதோட மூணாச்சுங்க."

"என்ன மூணு?"

"சாய்ஞ்ச கேக்கு. பிறந்த நாள் கொண்டாடுற குழந்தை கேக்கைப் பார்த்துட்டு, 'இது ஏன் கீழே விழப் போகுது'ன்னு கேட்டு அழுதுச்சாம்."

"வேகத்தடைல வண்டி கொஞ்சம் தூக்கிப் போட்டுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அண்ணன் பண்ணுவார். இந்த வண்டிக்கு ஆள் பார்த்து வெச்சிருக்கார். பதிலுக்கு மூடின குட்டி வேன் ஒண்ணும் பார்த்து வெச்சிருக்கார். இன்னொரு கேக்கு சாய்ஞ்சுது, வண்டி கைமாறிடும். சொல்லிட்டேன்."

அந்த வண்டி கைமாறவே கூடாது. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. சனிக்கிழமை மதியமானால் நானும் என் சகலையும், அதாவது என் மனைவியின் தங்கை புருஷனும், இந்த வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவோம். மேடு, பள்ளம், பாறை என்று ஒன்று விடாமல் ஏறிக் குதிப்போம். வாரத்தில் அந்த நான்கு மணி நேரம்தான் நான் ஆம்பிளை. வீட்டில் சொல்வது, "டயருக்குக் காத்தடிச்சுட்டு வரேன்." நாலு டயருக்குக் காற்றடிக்க நாலு மணி நேரம் ஆகுமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பச்சப்புள்ள மாதிரி நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குட்டி வேனை வைத்துக்கொண்டு குவாரியில் குதிக்க முடியாது. குதித்தால் வேனைச் சாக்கில்தான் அள்ளி வர வேண்டும். யோசித்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்தது. மறுநாள் பேப்பரும் பேனாவுமாகப் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"கோளாறு வண்டில இல்ல. சஸ்பென்ஷன்ல. 'காயிலோவர்'னு ஒண்ணு இருக்கு. ஷாக் அப்சார்பர் மேலேயே ஸ்பிரிங் சுத்தியிருக்கும். கழுத்துல ஒரு வளையம், அதைத் திருகினா வண்டி ஏறும் இறங்கும். நாலு சக்கரத்துக்கும் மாட்டினா உன் கேக்கு தொட்டில்ல தூங்குற மாதிரி போகும்."

"தலைல கொட்டை மாதிரி வரைஞ்சிருக்கீங்களே, அது என்ன?"

"அது குமிழ். திருகினா டிக் டிக்னு சத்தம் வரும். ஷாக் இறுகும், இளகும்."

"கேக்குக்கு எதுக்குங்க இறுகணும்?"

"ஒரு... ஒரு வசதிக்கு."

"ஓஹோ" என்றாள்.

அவளுடைய 'ஓஹோ'வுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கப் பதினாறு வருஷமாக முயற்சி செய்கிறேன். அன்றைக்கு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக் அதிகம் பேசாத மனிதர். கதவில் இருந்த கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேக்கு ஏத்தவா? அப்போ குமிழ் இல்லாததே போதும் சார். மெத்துனு இருக்கும். ஒரே அளவுல நிக்கும்."

"குமிழ் வேணும்."

"கேக்குக்கு..."

"வேணும்னா வேணும்ங்க."

தோளைக் குலுக்கினார். "சரி. டிரைவர் வெயிட் எவ்வளவு? அதை வெச்சுத்தான் நாலு மூலையும் மட்டம் பண்ணணும்."

"எழுபத்திரண்டு" என்றேன். நான் எழுபத்திரண்டு கிலோ இருந்தது உண்மை. கல்யாணப் போட்டோவில் சாட்சி இருக்கிறது.

எல்லாம் மாட்டி முடித்து என்னை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்தார். டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் உயரம் அளந்தார். திரும்ப அளந்தார்.

"சார், உங்க பக்கம் ரெண்டு விரல் இறங்குது."

"தரை சரியில்லையோ என்னமோ."

"தரைக்கு மட்டம் பார்த்திருக்கேன்."

"பாக்கெட்டுல சாவிக்கொத்து இருக்கு."

அவர் என் பாக்கெட்டைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தான்களைத்தான் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து வெளியே போனார். ஏதோ உதிரி பாகத்துக்கு விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"ரெண்டு நாள் வண்டி இங்கேயே இருக்கட்டும் சார். சரியாப் பண்ணித் தரேன்."

சரியாகத்தான் பண்ணித் தந்தார். முதல் ஞாயிறு மூன்றடுக்கு கேக் ஆடாமல் அசையாமல் போய் இறங்கியது. என் மனைவி ஒரு துண்டு கேக் கொடுத்தாள். சாயாத கேக்கின் துண்டை நான் சாப்பிட்டது அதுவே முதல் முறை.

அப்புறம் என் ராஜாங்கம் ஆரம்பித்தது. சின்ன நோட்டு ஒன்று போட்டேன். இறுக்கமான பக்கத்திலிருந்து எண்ணினால் குவாரிக்கு மூன்று க்ளிக், கேக்குக்கு இருபது க்ளிக். சனிக்கிழமை தெருமுனை தாண்டியதும் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் கையை விட்டு மூன்றில் வைப்பேன். ஞாயிறு காலை வண்டி கழுவுகிற சாக்கில் இருபதுக்கு மாற்றுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் எவ்வளவு நேர்த்தியான வேலை!

"எப்படி இருக்கு சகலை, மூணு க்ளிக்?" என்று பாறை மேல் ஏறும்போது கேட்பேன்.

"அதே மாதிரிதானே இருக்கு?"

"உங்களுக்கு உடம்புல உணர்ச்சி இல்ல. இரும்பு மாதிரி நிக்குது பாருங்க. ஒரு க்ளிக் மாறினாலும் என் முதுகெலும்பு சொல்லிடும்."

இரண்டு பள்ளம் தாண்டியதும் அவரும், "ஆமா சகலை, விறைப்பாத்தான் இருக்கு" என்றார். பழகினால் யாருக்கும் புரிந்துவிடும். ஆபீஸில் க்ளிக்கைப் பற்றி இரண்டு பேருக்கு வகுப்பே எடுத்தேன்.

இப்படி இரண்டு மாதம். பிறகு ஒரு ஞாயிறு, மணி எட்டு. ஒன்பது மணிக்கு ஐந்தடுக்கு கேக் கிளம்ப வேண்டும். அவள் இதுவரை செய்ததிலேயே பெரியது. நான் வாளியும் துணியுமாகக் குனிந்து மூன்று சக்கரங்களை இருபதுக்கு மாற்றிவிட்டேன். நான்காவதைத் திருகினேன். 'டக்'. குமிழ் கையோடு வந்துவிட்டது.

மூன்று சக்கரம் வெண்ணெய், ஒன்று இரும்பு. முதல் வேகத்தடையிலேயே ஐந்தடுக்கும் அந்தப் பக்கம் படுத்துவிடும். மாலைக்குள் மச்சான் சாவியை வாங்கக் கை நீட்டுவார். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை. குமிழை ஒட்ட வைத்துப் பார்த்தேன். தண்ணீர்தான் முழங்கை வரை வழிந்தது.

வேறு வழியில்லை. சமையலறைக்குள் போனேன். அவள் ஐந்தாவது அடுக்கின் மேல் சர்க்கரைப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கை ஏத்தாதே. வேற வண்டி கூப்பிடலாம்."

"ஏங்க?"

குமிழை நீட்டினேன். நீட்டிய கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குவாரி, சகலை, காற்றடிக்கிற கதை, மூன்று, இருபது, நோட்டு, எல்லாம். "வண்டியை வித்துடு. உன் கேக்கு விழுறதை என்னால பார்க்க முடியாது" என்றேன். அதைச் சொன்னபோது அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அவள் பூவைச் சரியாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"சரி, அந்தப் பக்கம் பிடிங்க. ஏத்தலாம்."

"நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. மெதுவாத் தூக்குங்க."

வழியில் ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடினேன். டிரைவர் கண்ணை மூடக்கூடாது என்று அவள் ஏழு தடவை சொன்னாள். ஐந்தடுக்கு கேக் மேஜையில் போய் இறங்கியது. சர்க்கரைப் பூவில் ஓர் இதழ்கூட நகரவில்லை.

திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"எப்படி?"

"மெக்கானிக் அன்னைக்கே போன் பண்ணினாருங்க. கதவுல என் நம்பர்தானே இருக்கு? 'உங்க டிரைவர் நிஜ வெயிட் எவ்வளவும்மா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"தொண்ணூத்தொண்ணு."

குனிந்து என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தேன்.

"அப்படியே கேக்கு வெயிட், என் வெயிட் எல்லாம் சொல்லி, கேக்குக்குத் தோதா ஒரே அளவுல உள்ளுக்குள்ளயே பூட்டிடச் சொன்னேன். நீங்க குவாரிக்குப் போறதைத் தங்கச்சி எப்பவோ சொல்லிட்டா. போங்க, எனக்கென்ன? வண்டி கேக்கைச் சாய்க்காம இருந்தாச் சரி."

"அப்போ நான் திருகின குமிழ்?"

"அது எதோடயும் சேரலைங்க. சும்மா சுத்தும்."

"டிக் டிக்னு சத்தம் வந்துச்சே!"

"அதை மட்டும் விட்டுடச் சொன்னேன்."

இரண்டு மாதம். இரும்பு மாதிரி என்றேன். முதுகெலும்பு சொல்லும் என்றேன். சகலைக்கு உணர்ச்சி இல்லை என்றேன். ஆபீஸில் வகுப்பு எடுத்தேன். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்து மூஞ்சியில் அசடு வழிந்தது. வண்டியைக் கிளப்பினேன். அது தொட்டில் மாதிரி போனது. எப்போதும் அப்படித்தான் போயிருக்கிறது.

அவள் என் கையிலிருந்த உடைந்த குமிழை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முகத்தைத் தொங்கப் போடாதீங்க. புதுசுக்குச் சொல்றேன். இந்தத் தடவை நாப்பது க்ளிக் வர்ற மாதிரி கேக்குறேன், உங்களுக்கும் பொழுது போகணும்ல?"