ரிப்பன் வெட்டாத கொம்பியூட்டரும் ஆறு கைகளும்

இந்தத் தீவில் கரண்ட் இல்லாமல், வயர் இல்லாமல், பெட்டிகூட இல்லாமல் கொம்பியூட்டர் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் கொம்பியூட்டர் சேர்தான். கூட்டல் கணக்குச் செய்ததற்காக நான்கு நாள் அடைபட்டுக் கிடந்த ஒரே கணித ஆசிரியரும் அவர்தான். இரண்டுக்கும் நான் சாட்சி. சாட்சி என்ன சாட்சி, அந்தக் கொம்பியூட்டரில் ஒரு பாகமே நான்தான். பழுதான பாகம்.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது. ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு கரையோர ஊர். பெயரைச் சொன்னால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபருக்குக் கோபம் வரும், விடுங்கள். நான் பள்ளி இறுதி ஓ.எல். பரீட்சையில் கணக்கை மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். கணக்குப் பேப்பரைக் கண்டால் எனக்குக் கை விறைத்துப் போகும். வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். உம்மா சிலாபம் வரைக்கும் கருவாடு கொண்டுபோய் விற்று எங்களை வளர்த்தவர். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த முறையும் பெயிலெண்டா குவைத்துக்குத்தான். ஏஜென்சிக்காரன் வாசல்ல வந்து வந்து போறான். நானும் எத்தின நாளைக்குப் புள்ள கருவாடு சுமக்குற?"

குவைத் என்றால் யாரோ ஒருவரின் வீட்டில் சமையலும் துடைப்பதும். எனக்குப் பதினெட்டு வயது. பாஸ்போட்டில் இருபத்து மூன்று என்று போட்டுக்கொள்ளலாம் என்றான் ஏஜென்சிக்காரன். அவனுக்குக் கூட்டல் நன்றாக வந்தது.

என்னை அந்த விமானத்தில் ஏறாமல் தடுக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஆள்தான் கொம்பியூட்டர் சேர் என்பது என் தலைவிதி.

வடக்கிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு ஒரே நாளில் வெளியேற்றப்பட்டு வந்து, எங்கள் ஊர் ஓலைக் குடிசையில் பதினாறு வருஷமாக இருந்தவர் அவர். மற்றவர்கள் கைக்குழந்தையையும் நகையையும் தூக்கிக்கொண்டு வர, சேர் கரும்பலகையில் வட்டம் போடுகிற மரக் கவராயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். "அவசரத்துல கைக்கு அதுதான் அம்பிட்டது" என்பார். அவருடைய மனைவி அதை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை.

புத்தளம் டவுனில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் கொம்பியூட்டர் பயிற்சி வைத்தார்கள். சேர் போய்ச் சான்றிதழோடு வந்தார். அதை லேமினேட் பண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு உலகமே கொம்பியூட்டர்தான். தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ தாமதமானால் "லோட் ஆகுது போல" என்பார். சந்தியில் யாராவது சண்டை பிடித்தால் "ரெண்டு பேரையும் ஓஃப் பண்ணிட்டு ஓன் பண்ணுங்க" என்பார். கொம்பியூட்டர் வந்தால் கணக்கில் பெயிலாக ஒரு பிள்ளை மிஞ்சாது என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று வாக்குக் கொடுத்தார்.

கொம்பியூட்டர் வந்தது. யாரோ வெளிநாட்டு நல்ல மனிதர்கள் அனுப்பிய ஒரே ஒரு கொம்பியூட்டர். அதிபர் அதைத் தன் அறைக்குப் பக்கத்து அறையில் மேசையில் வைத்து, பொலித்தீனால் மூடி, வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து வெட்ட வேண்டும். அவருடைய பெயரைக் கல்லில் வெட்டிச் சுவரிலும் பதித்தாயிற்று. நாங்கள் நான்கு முறை மாலை கட்டினோம். நான்கு முறையும் எங்கேயோ குண்டு வெடித்தது, பாதையை மூடினார்கள், பெரியவர் வரவில்லை. மாலைகளை ஆடுகள் தின்றன.

சேர் தினமும் காலையில் ஜன்னல் வழியாக அந்தப் பொலித்தீனைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்.

"சேர், கடல் காத்து. உள்ளுக்கு உப்புப் பூக்குது. ஒருக்காவாவது போட்டுப் பாப்பமே" என்று அதிபரிடம் கெஞ்சுவார்.

"கல்லுல பேர் வெட்டியாச்சு சேர். ரிப்பன் வெட்டாம எப்பிடித் தொடுற? நாளைக்குக் கேள்வி வந்தா எனக்குத்தானே வரும்!"

"புள்ளையள் பெயிலானா கேள்வி வராதா?"

"அதுக்கு எந்தக் காலத்துல சேர் கேள்வி வந்திருக்கு?" என்றார் அதிபர். அவர் சொன்னது முழு உண்மை.

ரிப்பன் சிவப்பிலிருந்து ரோஸாகி, ரோஸிலிருந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. பரீட்சைக்கு மூன்று மாதம். ஒரு நாள் சேர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "பெட்டி என்னத்துக்கு? கொம்பியூட்டருக்கு உள்ள இருக்கிறது ஒண்டும் சைபரும்தானே! அத நாமளே செய்வம்" என்றார்.

திரும்பத் திரும்பப் பெயிலானவர்கள் நாங்கள் ஆறு பேர். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடமில்லை; பின்னேரத்தில் அதே கட்டிடத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடக்கும். ஆகவே எங்கள் வகுப்பு கடற்கரையில் தென்னைகளுக்குக் கீழே. சேர் எங்களைக் கடலைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்தார். வலது ஓரத்தில் நான் ஒன்று. எனக்குப் பக்கத்தில் இரண்டு, பிறகு நான்கு, எட்டு, பதினாறு, கடைசியில் முப்பத்திரண்டு. கை தூக்கினால் அந்த எண் இருக்கிறது, இறக்கினால் இல்லை. சேர் கை தட்டும்போதெல்லாம் நான் மாற்ற வேண்டும்: கை மேலே இருந்தால் கீழே, கீழே இருந்தால் மேலே. மற்றவர்கள் தங்கள் வலப்பக்கத்து ஆளின் கை இறங்கும்போது மட்டும் மாற்ற வேண்டும். சட்டம் அவ்வளவுதான். தூக்கிய கைகளைக் கூட்டினால் விடை.

நம்ப மாட்டீர்கள், அது வேலை செய்தது.

"என்ன ஏன் சேர் ஒண்டுல போட்டீங்க? ஆகச் சின்னது" என்று நான் முறைத்தேன்.

"நீதானே மகள் ஆகலும் வீக். ஒண்டுக்குத்தான் ஓய்வே இல்ல. ஒவ்வொரு தட்டுக்கும் கை அசையோணும். நித்திரை கொள்ள ஏலாது."

முப்பத்திரண்டுக்கோ ஓய்வைத் தவிர வேறு வேலை இல்லை. அது பௌசான். முப்பத்தொரு தட்டு வரைக்கும் சும்மா நிற்கலாம். நின்றுகொண்டே தூங்குவான். பதினாறு என்கிறவள் இடித்து எழுப்ப வேண்டும். எங்கள் பெயர்களே மறந்துபோய், ஊரில் எங்களை எண்ணால்தான் கூப்பிட்டார்கள். உம்மாகூட ஒரு நாள் "ஏ ஒண்டு, சோத்தத் தின்ன வா" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எல்லாக் கையும் மேலே நின்றால் அறுபத்து மூன்று. சேருக்குப் பிரியமான எண் அதுதான். "அறுபத்து மூண்டுல ஒருத்தரும் சும்மா நிக்கிறல்ல. ஆறு பேரும் பாஸானாத்தான் எனக்கு அறுபத்து மூண்டு" என்பார்.

கடற்கரையில் ஆறு பேர் கடலைப் பார்த்து வரிசையாக நின்று, ஒழுங்கு முறையில் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினால், யுத்த காலத்தில் அதற்கு என்ன பெயர்? எங்கள் ஒருவர் மூளைக்கும் அது எட்டவில்லை. அரை மைல் தள்ளியிருந்த காவல் முகாமின் கோபுரத்தில் நின்றவன் மூளைக்கு உடனே எட்டியது. இரண்டு மாதம் கவனித்துவிட்டு ஜீப்போடு வந்தார்கள். சேரைப் பிடித்து ஏற்றினார்கள். சட்டைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் காட்டினார். கொம்பியூட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

விசாரணையை அவரே பிறகு எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"கடல்ல நிண்ட போட்டுக்கு என்ன சிக்னல் குடுத்த?"

"சிக்னல் இல்ல மாத்தயா. பதின்மூண்டு."

"பதின்மூண்டு எண்டா என்ன?"

"பதின்மூண்டுதான் மாத்தயா."

"அதுக்கு அர்த்தம் என்னடா?"

"எட்டும் நாலும் ஒண்டும்."

அந்த அதிகாரி "எட்டு படகு, நாலு எஞ்சின், ஒரு தலைவன்" என்று எழுதிக்கொண்டாராம். சேர் எட்டிப் பார்த்து, "கூட்டல் சரி மாத்தயா, விளக்கம்தான் பிழை" என்றாராம். அதற்கு விழுந்த அறையில் அவருடைய இடது காது கடைசிவரை இரைந்துகொண்டே இருந்தது. அந்தப் பகுதியை அவர் நடித்துக் காட்டவில்லை. அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அதிபர் அந்த வாரம் முழுக்க ஃபைல் பார்த்தார். நான்காம் நாள் உம்மாதான் கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் ஆறு பேரையும் ஓட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். வாசலில் நின்று சந்தைச் சிங்களத்தில் சத்தம் போட்டார்: "எண்ட மகளுக்குக் கணக்கு வரா! அத நான் எழுதியே தாறன்! ஆனா அந்த மனுசன் செஞ்சது கணக்குத்தான்!"

அதிகாரி வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். முகாம் முற்றத்தைக் காட்டி, "சரி, செய்து காட்டுங்கள். விடை சரியென்றால் கூட்டிப் போகலாம்" என்றார்.

சேரைக் கொண்டுவந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். நான்கு நாளில் பாதியாகியிருந்தார். வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. முப்பத்தேழும் இருபத்தாறும் என்று கணக்குக் கொடுத்தார் அதிகாரி. முப்பத்திரண்டு, நான்கு, ஒன்று, மூன்று பேர் கை தூக்கினோம். அது முப்பத்தேழு. இனி இருபத்தாறு தட்டு. அதிகாரியே தட்டினார். பக்கத்தில் துவக்கோடு நின்ற சிப்பாய் ஒருவன் "எக்காய், தெக்காய், துணாய்" என்று சிங்களத்தில் எண்ணினான்.

என் வாழ்க்கையில் கணக்குக்காக நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான். ஒரு தட்டுக்கு என் கை பிசகினால் வரிசை முழுக்கப் பிசகும். சேர் உள்ளேயே கிடப்பார். மேலே, கீழே, மேலே, கீழே. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பௌசான் அன்றைக்குத் தூங்கவில்லை.

இருபத்தாறாவது தட்டில் என் கை மேலே போனது. பக்கத்தில் பார்த்தேன். எல்லாக் கையும் மேலே. துவக்குக்காரர்களுக்கு முன்னால் ஆறு பேர் இரண்டு மாதம் பழகிய ஒழுங்கோடு கை தூக்கி நின்றோம். அதிகாரி ஃபோனை எடுத்து அந்தக் கூட்டலைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சேரால் பொறுக்க முடியவில்லை. "அறுபத்து மூண்டு மாத்தயா!" என்று அழுதுகொண்டே கத்தினார்.

அதிகாரி சிரித்தார். சேரை விட்டார். கூடவே ஒரு உத்தரவும் வந்தது: இனிமேல் கடற்கரையில் ஒருவரும் கை தூக்கக் கூடாது. மீனவர்கள் சோம்பல் முறிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

பரீட்சைக்கு இரண்டு வாரம். வகுப்பு சேரின் ஓலைக் குடிசைக்கு மாறியது. "கைக்குத்தானே தடை? கண்ணுக்கு இல்லையே!" என்றார். கண் திறந்தால் ஒன்று, மூடினால் சைபர். முப்பத்திரண்டு சந்தோஷமாக மூடிக்கொண்டான். ஆனால் சேருக்குப் பழைய சத்தம் இல்லை. நடுவில் நிறுத்தி இடது காதைப் பொத்திக்கொள்வார்.

பரீட்சைப் பேப்பரில், எங்கள் அதே ஒன்றும் சைபரும்தான், துவித எண் கணக்கு ஒன்று வந்தது. சத்தியமாக வந்தது! எனக்கு மண்டபமே மறந்துபோய் என் கை தானாக மேலே போனது. மேற்பார்வையாளர் ஓடி வந்து, "என்ன, கடதாசி வேணுமா?" என்றார். அந்த ஒரு கணக்கைச் சரியாகச் செய்தேன். மற்றதெல்லாம் முக்கோணமும் வட்டியும். கை விறைத்துப் போயிற்று.

பெறுபேறு வந்த அன்று சேர் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் பாஸ். தூங்குமூஞ்சி முப்பத்திரண்டுகூடப் பாஸ். நான் மட்டும் பெயில். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அறுபத்து ரெண்டு," என்றார் கடைசியில். "ஒண்டுதான் மகள் குறைஞ்சது."

அந்த ஒன்று நான்தானே! அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. எழுந்து விறுவிறுவென்று நடந்தார். தையல் வகுப்பில் கத்தரிக்கோலை எடுத்தார். அதிபர் "சேர்! சேர்!" என்று பின்னால் ஓட, போய் ரிப்பனை வெட்டினார். பொலித்தீனை இழுத்துப் போட்டு சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எல்லாம் துருவும் பச்சைக் களிம்பும். சேர் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரிப்பன் வெட்டியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து, சேரை மதுரங்குளிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கல் மட்டும் இன்றைக்கும் சுவரில் இருக்கிறது.

நான் பாஸ்போட்டில் இருபத்து மூன்று வயதாகிக் குவைத்துக்குப் போனேன். பல வருஷம் இருந்துவிட்டு வந்துதான், கணக்கு வராதவர்களுக்கு மிச்சமிருக்கிற இந்த எழுத்து வேலைக்கு வந்தேன். குவைத்தில் இருந்த கடைசி வருஷம் ஒரு பகல், மொட்டை மாடியில் போர்வை காயப் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. பௌசான். யுத்தம் முடிந்திருந்தது, அவன் ஊரில் கணித ஆசிரியராகியிருந்தான்.

"சேர் மௌத்தாகிட்டார், ஒண்டு. இப்பதான் அடக்கிட்டு வாறம்."

"வயசென்ன?" என்றேன்.

"அறுபத்து மூண்டு."

அவனுக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"நாங்க அஞ்சு பேரும் கரையிலதான் நிக்கிறம்" என்றான். "ஒண்டு, கையத் தூக்கினியா?"

தூக்கித்தான் நின்றேன், ஈரப் போர்வையோடு.