ஐந்து ஆரஞ்சும் ஒரு டாக்டரம்மாவும்

நீங்கள் சிரிக்கப்போவது உறுதி. ஆனால் உடனே கிடையாது. முதலில் என் அப்பாவின் கல்லீரலை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

அதில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம். ஸ்கேனில் தெரிந்தது. வாயில் இருக்கும் கொழுப்பு அம்மாவுக்கு ஸ்கேன் இல்லாமலே தெரியும். டாக்டரம்மா சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். அப்பா வீரமாக நிறுத்தினார். மறுநாளே பெரிய டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ் ஆரம்பித்தார்.

"இது பழத்துச் சர்க்கரை. இயற்கை. மரத்துல காய்ச்சது கெடுதல் பண்ணுமா?"

"அதுவும் அளவு மீறினா கல்லீரல்ல போய்க் கொழுப்பாத்தாங்க ஆகுது. நாரை வடிகட்டித் தூக்கிப் போட்டுட்டு அஞ்சு பழத்தை ஒரே மடக்குல ஊத்தினா, அது என்ன பண்ணும், பாவம்?"

என்று கேட்ட அம்மா, ஜூஸ் மிஷினை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நின்றதை ஓடவைப்பவர். நேராக என்னிடம் வந்தார். எதிர்வீட்டு மாமாவின் இருமல் முதல் தலைமையாசிரியையின் கொட்டாவி வரை என் தொண்டையில்தான் குடியிருக்கின்றன.

"டாக்டரம்மா குரல்ல அம்மாவுக்கு ஒரு போன் போடு. பழம் தாராளமா குடுக்கலாம்னு சொல்லு."

"மாட்டிக்கிட்டா?"

"பிளான் யாரோடது? உங்கப்பனோடது."

மாலையில் மாடிப்படியில் நின்று, தோழியின் போனிலிருந்து பேசினேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அப்பா அப்பாவியாக உட்கார்ந்திருந்தார்.

"பழம் தாராளமா குடுங்கம்மா," என்றேன் மூக்கால். "தினம் அஞ்சு ஆரஞ்சு."

அப்பா புருவத்தை உயர்த்தி அம்மாவைப் பார்த்தார்.

"ஆனா ஜூஸ் கூடாது. சுளை சுளையா மென்னு திங்கணும். அஞ்சும் முடிஞ்சாத்தான் சாப்பாட்டுத் தட்டு."

புருவம் இறங்கியது. நான் வேஷத்தில் மூழ்கி உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். அம்மா முன்னால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

"அஞ்சு என்ன, பத்து திம்பேன்," என்று உரிக்க ஆரம்பித்தார்.

முதல் பழம் பறந்தது. இரண்டாவது நடந்தது. மூன்றாவதில் தாடை வலித்தது, வயிறு முட்டியது.

"போதும். தட்டை வை."

"டாக்டர் அஞ்சு சொன்னாங்களே. வேணும்னா திரும்பக் கேட்டுடலாம்."

அம்மா போனைத் தொடவேயில்லை. ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உள்ள வாங்க டாக்டரம்மா, பேஷன்ட் மக்கர் பண்றார்."

போனைக் கையில் பிடித்தபடி உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இவ யார் பொண்ணு?"

"பொண்ணு உங்களோடதுதான்," என்றாள் அம்மா, நான்காவது பழத்தை நீட்டியபடி. "டாக்டர் மட்டும் என்னோடது."