பெட்டி அண்ணாச்சி நெட்டில் ஏறிய வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை காலை அறையில் இருந்தவர்கள் பெட்டி அண்ணாச்சி, செல்வம், நான். இல்லாதவர், மீன் வாங்கப் போயிருந்த இப்ராஹிம் பாய். அவர் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே ஒயரைப் பிடுங்கியிருப்பார். அண்ணாச்சியை எதிர்த்துப் பேசும் துணிச்சல், நாங்கள் வேலை பார்க்கும் இந்தச் சவூதி ஊர் அல் கோபார் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

அண்ணாச்சிக்கு ஒரு குடோனில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஆசையெல்லாம் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மேல். கீபோர்டுக்குள்ளேயே மொத்த உடம்பும் அடங்கிய, டிவியில் சொருகி ஓட்டுகிற அந்தக் காலத்துப் பெட்டிகள். ஹராஜ் என்கிற பழைய சாமான் சந்தையில் ஒன்றைக் கண்டுவிட்டால் கைக்குழந்தையைப் போல் தூக்கி வருவார். கட்டிலுக்கு அடியில் மூன்று கிடந்தன. அரபி எழுத்து பொறித்த ஒன்று மட்டும் செல்லம். அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டதற்காக என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

"இது சும்மா கெடக்கப்படாது தம்பி. நெட்டுல ஏத்தணும்."

"ஏத்தி என்ன செய்ய, அண்ணாச்சி?"

"பாத்ரூமுக்கு அடுத்து யாருன்னு அவனவன் போன்ல அடிக்கணும். டிவில பேரு வரணும். டூட்டிக்குப் போற நேரத்துல கதவத் தட்டுத ஜோலி கலாஸ்!"

அதற்கென்றே ஆன்லைனில் ஒரு நெட் கார்டு வரவழைத்து, பெட்டியின் முதுகில் சொருகி, ரவுட்டரிலிருந்து ஒயரும் இழுத்துவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். பாடம் கேட்டு ஒருவர் வந்தால் விடுவேனா? ஒவ்வொரு கருவிக்கும் தனி நம்பர் வேண்டும், ஒன்றாம் நம்பர் ரவுட்டருக்கு, மிச்சத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று படம் போட்டே விளக்கினேன். அண்ணாச்சி மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்.

அதே நேரம் மேல்கட்டிலில் செல்வம் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. வீடியோ காலில் பெண் வீட்டார். இதற்குமுன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

"கையில எவ்வளவு வருது, மாப்ள?" என்றார் பெண்ணின் அப்பா.

செல்வம் வாயைத் திறந்தான். படம் அப்படியே நின்றுவிட்டது.

"டேய், நெட் மாஃபி! சுத்தமா இல்ல! என்னடா ஆச்சு?" என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

நான் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு டிவியைப் பார்த்தேன். பச்சை எழுத்தில் பெட்டி ஜொலித்தது.

"அண்ணாச்சி, பெட்டிக்கு என்ன நம்பர் குடுத்தீங்க?"

"ஒண்ணு."

"அது ரவுட்டரோடதுன்னு சொன்னேனே!"

"சொன்ன. ஏசிப் பக்கத்துக் கீழ்க்கட்டில் யாருக்குல? மொதல்ல வந்தவனுக்கு. நேத்து வந்தவன் மேல ஏறிப் படுக்கான்லா? இந்தப் பெட்டி நீ பொறக்குமுன்ன வந்தது. ரவுட்டரு சின்னப் பய, நகந்துக்கிடும்."

ரவுட்டர் நகரவில்லை. ஊருக்குப் போக வழி கேட்டு எல்லா போன்களும் ஒன்றாம் நம்பரிடம் வந்தன. பெட்டிக்கு வழி தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

ஒயரைப் பிடுங்கினேன். நெட் வந்தது. பெண் வீட்டார்தான் போனை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செல்வத்தின் அம்மா அழைத்தார். "சம்பளத்தக் கேட்டதும் கட் பண்ணிட்டான்னு சொல்றாங்கடா..."

சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான் செல்வம். மீனோடு வந்த இப்ராஹிம் பாய் கதையைக் கேட்டுவிட்டு, "பழசுக்கு மரியாதை குடுக்குறேன்னு, புதுசா வர்ற புள்ளைய விரட்டிட்டீங்களே அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மீனைத் தொடவில்லை.

மறுநாள் கட்டிலுக்கு அடியில் இரண்டுதான் இருந்தன.

"செல்லத்த ஹராஜ்ல குடுத்துட்டேன் தம்பி. நூறு ரியால். அது இந்த ரூமுக்கு ஆவாது."

திருப்பி வாங்கிவரச் சொல்லி நாங்கள் எவ்வளவு கேட்டும் அவர் மசியவில்லை.

ஞாயிறு மாலை செல்வத்தின் அம்மா மறுபடி அழைத்தார். உறைந்துபோன அந்தப் படத்தைப் போனில் பிடித்துவைத்து, பார்த்துப் பார்த்துப் பெண் இரண்டு நாளாகச் சிரிக்கிறாளாம். அப்பாவிடம் சொல்லியும்விட்டாளாம்: "இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற ஆளுக்குப் பொய் சொல்லவே வராதுப்பா. இவரையே பேசுங்க."

செல்வம் கட்டிலிலிருந்து குதித்தான். அண்ணாச்சி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் வரவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை.

அந்த இடைவெளியில் நாங்கள் மூவரும் ஹராஜுக்கு ஓடினோம். பெட்டி விற்காமல் இருந்தது. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "ஆன்டிக் ஹை, பாய்" என்று அரும்பொருள் கணக்கில் விலையை ஏற்றினார். இப்ராஹிம் பாய் பேரம் பேச வாயெடுத்தார். "விடுங்க பாய்" என்று பர்ஸைத் திறந்தான் செல்வம்.

அவனுடைய கல்யாணத்துக்கு ஆன முதல் செலவு, அண்ணாச்சிக்கு இன்றுவரை நாங்கள் சொல்லாத விலை: முந்நூற்றைம்பது ரியால்.