எடின்பரோவில் ஒரு மணிச் சண்டை

ஸ்கொட்லாந்தில் சண்டை தொடங்கிவிட்டது என்று ஒருகாலத்தில் நான் மனமார நம்பினேன். ஒருகாலம் என்றால் ஒன்றரை நிமிடம். அதற்குள் என் மானம் போனது, ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் போனது, கல்யாணமும் போய்விட்டதென்றே நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, தோர்ண்டன் ஹீத்தில் ஓர் அன்ரி வீட்டில் அறை எடுத்து, பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்துகொண்டிருந்தேன். எடின்பரோவில் நேர்சாக இருந்த வதனியை எனக்குப் பேசினார்கள். அவளுடைய தமையன் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

ரோல்ஸ் பொரித்துத் தந்த அன்ரிதான் தடுத்தார். "சனிக்கிழமையோ பொம்பிளை பாக்கப் போறது? ஞாயிறு போ மோனை."

"அன்ரி, சனி பகவானுக்கு இஞ்ச விசா குடுக்கிறேல்லை," என்றேன். (எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.) தமையனுக்கும் ஞாயிறு ஹீத்ரோவில் ஷிப்ட்.

ரயிலில் அண்ணை எதிரே உட்கார்ந்து என்னை எக்ஸ்ரே எடுத்தபடியே வந்தார். பாதி வழியில்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, நீர் பயந்த சுபாவமோ?"

"எனக்கோ பயம்? ஊரில ஆமி ஹெலி மேல சுத்திச் சுடேக்க முற்றத்தில நிண்டு மா இடிச்சனான் அண்ணை."

(மா இடித்தது அம்மா. நான் கட்டிலுக்குக் கீழே.)

வதனி ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கோட்டைக்குக் கீழே இருக்கும் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். தலைக்கு மேலே கறுத்த பாறை, அதன் உச்சியில் கோட்டை. மூவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். "எத்தினை நூற்றாண்டுக் கோட்டை?" என்று அறிவாளிபோலக் கேட்டபடி ரோல்ஸ் பெட்டியை நீட்டினேன்.

டமார்!

பெண்ணைக் காப்பாற்றினேன் என்று எழுத ஆசைதான். பெட்டியை எறிந்துவிட்டு வாங்குக்குக் கீழே தலையால் பாய்ந்தேன். அங்கே இடமில்லை. அண்ணை ஏற்கெனவே படுத்திருந்தார்.

"ஷெல்லோ?"

"ஷெல்தான் அண்ணை."

"அப்ப தலையைத் தூக்காதையும். என்ர காலை விட்டுத் தள்ளிப் படும்."

வதனியின் சப்பாத்துகள் மட்டும் அசையவே இல்லை.

"ஒரு மணியாச்சு," என்றது மேலேயிருந்து அவள் குரல். "ரெண்டு பேரும் வெளியால வாங்கோ. சனம் பாக்குது."

வந்தோம். கடற்காகங்கள் ரோல்ஸை முடித்துக்கொண்டிருந்தன. அடுத்த ரயிலில் தனியாகத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவளோ கண்ணீர் வரச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "வந்த முதல் கிழமை நானும் இப்பிடித்தான். பேஷண்டின்ர கட்டிலுக்குக் கீழ. அவர்தான் கை தந்து தூக்கிவிட்டவர்."

அண்ணை காற்சட்டையைத் தட்டினார். "தம்பி, லண்டனில ஆரிட்டையும் இதைச் சொல்லாதையும்."

"சொல்லமாட்டன் அண்ணை."

"அப்ப எனக்குச் சம்மதம்."

நாங்கள் இருவரும் சொல்லவில்லை. கல்யாண வீட்டிலேயே வதனி சொல்லிவிட்டாள். இன்றும் வீட்டில் ஒரு கதவு அடித்துச் சாத்தினால் போதும், "அப்பா, மாமாவுக்கும் இடம் விடுங்கோ!" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

நடந்தது இவ்வளவுதான்: நேரம் சொல்வதற்காக அந்தக் கோட்டையில் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கியை வெடிக்கவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது.