ரிஜெக்ட் சாரின் முதுகுப் பை

“இன்னொரு தடவை குதிங்க. கொஞ்சம் வேகமா” என்றாள் மனைவி.

முதுகில் புதுப் பையை மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று ரிஜெக்ட் சார் குதித்தார். பைக்குள் இருந்த சாப்பாட்டு டப்பாவும் குதித்தது. ஆனால் இரண்டும் ஒத்துக் குதிக்கவில்லை. அவர் இறங்கும்போது டப்பா ஏறியது. அவர் ஏறும்போது அது இறங்கி முதுகெலும்பில் ஒரு குத்து விட்டது.

“ஆடுதே!”

“லேசாத்தாங்க ஆடுது.”

“லேசா ஆடுறதுதான் ஆபத்து. பெருசா ஆடினா உடனே தெரிஞ்சுடும், லேசா ஆடினா முதுகு போன அப்புறம்தான் தெரியும்.”

அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“சார், எங்க வீட்டு ஃபேன் ஆடுது. மேல என்ன பண்றீங்க?”

“பை பார்க்கிறோம்.”

கீழ் வீட்டுக்காரர் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வேர்வை வழிந்துகொண்டிருந்த அவர் நெற்றியைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

ரிஜெக்ட் சாருக்கு வேலை ஒரு குடைக் கம்பெனியில். தரம் பார்ப்பவர். ஒவ்வொரு குடையாக விரித்து, கம்பியை வளைத்து, தையலை இழுத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்து ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்து, ‘ரிஜெக்ட்’ என்று சிவப்புத் தொட்டியில் போடுவார். கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. இந்தத் தொழில் புத்தி கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷன் பல் தேய்க்கிற பிரஷ் வாங்கப் போனால்கூட ஒவ்வொரு முள்ளாக வளைத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்னால் தன்னைப் பார்த்த அன்றைக்கு மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை என்பதில் அவர் மனைவிக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்தப் பை அமளி எல்லாம் டாக்டரால் வந்த வினை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், முகத்தைச் சுளித்தார்.

“பிரஷர் எகிறிக் கிடக்கு. எடையும் கூடியிருக்கு. வேலைக்கு எதுல போறீங்க?”

“பஸ்ல, டாக்டர்.”

“தூரமா?”

“அப்படி ஒண்ணும் தூரமில்லை.”

“அப்ப ஒரு நாள் ஓடிப் போங்க, ஒரு நாள் சைக்கிள்ல போங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா ஆயுசுக்கும் மாத்திரைதான்.”

வெளியே வந்ததும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குப் பயமா இருக்குங்க” என்றாள். அவள் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை. அடுத்ததாக அவள் சொன்னதில் அவர் நடையே நின்றுவிட்டது.

“ஒரு மாசத்துல குறையலைன்னா அண்ணனை இங்கயே வந்து தங்கச் சொல்லிடுவேன். அவர் உங்களை ஓட வைப்பாரு.”

அண்ணன் என்றால் மச்சான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார்; அவருடைய விசில் ஆகவில்லை. போன தடவை நாலு நாள் தங்கியபோது, பாத்ரூமில் கொஞ்சம் நேரமானால்கூட வெளியே நின்று விசில் அடித்தார்.

“நாளைக்கே ஓட ஆரம்பிச்சுடறேன்!” என்று பதறினார் ரிஜெக்ட் சார். “ஆனா மாத்துச் சட்டை, டப்பா, தண்ணி, குடை எல்லாத்தையும் கையிலயா தூக்கிட்டு ஓடுறது? ஒரு நல்ல பை வேணும். ஓடவும் சரியா இருக்கணும், சைக்கிளுக்கும் சரியா இருக்கணும். அது இல்லாம ஆரம்பிச்சா தப்பாயிடும்.”

மனைவி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சந்தைக் கட்டடத்துல, மேல் மாடியில பை விக்கிற கடை ஒண்ணு இருக்கு” என்றாள் மெதுவாக. “பிடிக்கலைன்னா மறுநாளே மாத்தித் தருவாங்களாம்.”

மாற்றித் தருவார்கள்! ரிஜெக்ட் சாருக்கு அதைவிட இனிப்பான வார்த்தை உலகத்தில் உண்டா?

இப்படி மனைவியே போய் வாங்கி வந்ததுதான், குதிக்கும்போது குத்து விட்ட அந்த முதல் பை.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி விட்டதும் மாற்றக் கிளம்பினார். அப்போதுதான் விஷயத்தின் முழு லட்சணமும் தெரிந்தது. சந்தைத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் பாலத்தோடு திரும்பிவிடும். கம்பெனி விட்ட கொஞ்ச நேரத்தில் கடையை மூடிவிடுவார்கள். நடந்தால் கட்டுபடியாகாது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அரக்கப் பரக்க ஓடினார். கட்டடத்துக்குள் நுழைந்தால், காவலாளி மரியாதையாக லிஃப்ட் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கதவில் ஓர் அட்டை தொங்கியது: ‘லிஃப்ட் வேலை செய்யாது.’

“எப்ப சரியாகும்?”

“பாகம் வரணுமுங்க ஐயா. வெளியூர்லேருந்து வரணும்.”

ஆறு மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கடைக்குள் போய் விழும்போது நாக்கு வெளியே வந்திருந்தது, நெஞ்சு திம் திம்மென்று அடித்தது. அங்கே வயதான தம்பதி ஒன்று, ஆள் உயரப் பெட்டியோடு நின்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் நெற்றியிலும் ஒரு பொட்டு வேர்வை இல்லை. மூச்சுகூட வாங்கவில்லை.

இந்த வயசில் இவ்வளவு பெரிய பெட்டியோடு ஏறி வந்துவிட்டு, பூங்காவில் நிற்கிற மாதிரி நிற்கிறார்களே! அப்படியானால் நம் உடம்பு எந்த லட்சணத்தில் இருக்கிறது? அவருக்கு உள்ளே பகீரென்றது. கேட்கலாம் என்றால் வாய் திறக்க மூச்சு இல்லை.

“உட்காருங்க சார்” என்று நாற்காலியைப் போட்டாள் கடைக்காரப் பெண்மணி. “ஆடுதா? அப்ப மார்புக்கும் இடுப்புக்கும் வார் வச்சது தர்றேன். உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கும்.”

ஒட்டிக்கொண்டுதான் நின்றது. மறுநாள் கம்பெனிக்கு வந்து கழற்றப் போனால் கொக்கி வரவில்லை. இழுத்தார், அழுத்தினார், மூச்சை உள்ளே பிடித்துப் பார்த்தார். துணி வெட்டுகிறவர் பெரிய கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

“ஒரே வெட்டு சார்.”

“ஐயையோ, வெட்டாதீங்க! வெட்டினா மாத்தித் தர மாட்டாங்க!”

ஆகவே காலை மீட்டிங்கில் பையோடு உட்கார்ந்தார். நாற்காலியில் சாய முடியாமல், விளிம்பில் தொற்றிக்கொண்டு, எந்த நிமிஷமும் எழுந்து போகிறவர் மாதிரி. மேனேஜர் பேசிக்கொண்டே அவரைப் பார்த்தார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“எங்கயாவது கிளம்பிட்டீங்களா?”

“இல்ல சார்.”

“வேற கம்பெனியில ஏதாவது...”

“ஐயோ, இல்ல சார்! கழட்ட வரலை.”

மேனேஜர் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் ரிஜெக்ட் சார் வேலையை விடப் போகிறார் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. இந்தப் புதுக் கவலையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, பையோடு ஓடினார், பையோடு ஆறு மாடி ஏறினார். கடைக்காரப் பெண்மணி ஒரு விரலால் கொக்கியின் பக்கவாட்டில் தட்டினாள். டக்கென்று திறந்துகொண்டது.

“இது வேண்டாம்” என்றார் அவர், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

மூன்றாவது பை தண்ணீர் புகாத பை. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து அதன் தலையில் கவிழ்த்தார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. குடைக்காரருக்கு அன்றைக்குத்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. மறுநாள் மனைவி கொடுத்தனுப்பிய தக்காளி சூப்பின் மூடி கழன்றுகொண்டது. உள்ளேயிருந்தும் ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அத்தனையும் மாத்துச் சட்டை குடித்துவிட்டது. போட்டிருந்த சட்டை பஸ் நெரிசலில் வேர்வையில் நனைந்திருந்ததால், வேறு வழியில்லாமல் சூப் குடித்த சட்டையையே அலசிப் போட்டுக்கொண்டு வந்தார். மார்பில் சிவப்பாக ஒரு பெரிய திட்டு. வரவேற்பில் இருந்த பெண் ஒரே அலறல். இரண்டு பேர் தூக்க வந்தார்கள். ஒருவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, “என்ன சார் இப்படி அடிக்குது!” என்றார். அதைக் கேட்டதும் அது இன்னும் வேகமாக அடித்தது.

அன்றும் ஓடினார்.

நாலாவது பை ஓடுவதற்கு அருமையாக இருந்தது. சைக்கிளில் ஏறிக் குனிந்தால் மட்டும், பையின் தலை ஹெல்மெட்டைத் தள்ளிக் கண்ணை மூடியது. சைக்கிளிலேயே போய்க் கடைக்காரப் பெண்மணிக்குக் காட்டினார். “இதுலயே குட்டையா ஒண்ணு வரும் சார், நாளைக்கு வாங்க” என்றாள். மறுநாள் போனால், “நாளைக்குக் கண்டிப்பா” என்றாள். குட்டைப் பை வந்ததும், கையில் கொடுத்துக்கொண்டே, “ஒருத்தர் மட்டும் இடது வார் கொஞ்சம் நீளுதுன்னு சொன்னாரு. உங்களுக்கு நீளாது” என்றாள். அவ்வளவுதான். மறுநாள் முழுக்கக் குடைகளுக்கு நடுவே இடது வாரை அளந்துகொண்டிருந்தார். நீண்டதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. சந்தேகம் என்றால் ரிஜெக்ட்தானே?

இப்படியே நாள் ஓடியது. நாளாவது ஓடியதே! அவர் இன்னும் வேலைக்கு ஒரு நாள்கூட ஓடவில்லை, சைக்கிளிலும் போகவில்லை. சரியான பை கிடைக்காமல் எப்படிப் போவது? போதாக்குறைக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. “துணி நீளுது, மட்டமான துணி” என்று இரண்டு கால்சட்டைகளை ஒதுக்கி வைத்தார்.

டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மச்சான் போன் செய்தார்.

“மாப்ள! பையைக் கட்டிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே ரயில் ஏறிடுவேன்.”

ரிஜெக்ட் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன பை மச்சான்?”

“முதுகுல மாட்டுற பைதான். ஏன்?”

“ஓடினா ஆடுமா?”

“என் முன்னாடி எது ஆடும்?” என்றார் மச்சான். பின்னாலேயே விசில் சத்தம் கேட்டது.

டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவரால் அடக்க முடியவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒரு நாள்கூட ஓடலை. பைதான் சரியா அமையலை. நீ பயந்துக்கிட்டு இருந்தே, நான் வாரை அளந்துக்கிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சுடு.”

“பரவாயில்லைங்க” என்றாள் அவள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

டாக்டர் ஒரு தடவை காற்றடித்தார். மறுபடி அடித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று ரிஜெக்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன பண்ணீங்க?” என்றார் டாக்டர்.

“ஒண்ணுமே பண்ணலை டாக்டர். இன்னும் பையே வாங்கலை.”

“ஒண்ணும் பண்ணாம இவ்வளவு இறங்குமா? எடையும் நல்லாக் குறைஞ்சிருக்கு. தினம் ஓடி, மலை ஏறுறவங்க உடம்பு மாதிரி இருக்கு.”

“மிஷின்ல கோளாறு இருக்கும். வேற மிஷின்ல பாருங்க.”

டாக்டர் வேறு மிஷினைக் கொண்டு வந்து பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. ரிஜெக்ட் சார் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பாலம், சந்தைத் தெரு, ஆறு மாடி எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. “அட, பை மாத்தப் போயே நான் ஓடியிருக்கேன்!” என்று கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாத்திரை இல்லை, மச்சான் இல்லை! உயிர் போய் உயிர் வந்த மாதிரி இருந்தது.

“வா, இப்பவே கடைக்குப் போய், வாரு நீளுதோ குறையுதோ, அந்தக் குட்டைப் பையையே வச்சுக்கிறேன்னு சொல்லிட்டு வரலாம்.”

“இப்பவா? இந்தக் காலையிலயா?” மனைவி திடுக்கிட்டாள். “நீங்க மட்டும் எப்பவும்போல சாயங்காலம் போயிட்டு வாங்களேன்.”

“அதெல்லாம் முடியாது, இன்னைக்கு நீயும் வர்றே” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சந்தைக் கட்டடத்துக்குள் இருவரும் நுழைந்தபோது, லிஃப்ட் கதவு திறந்து ஒரு குடும்பம் சாவகாசமாக வெளியே வந்தது. கதவில் அட்டையைக் காணோம். ரிஜெக்ட் சார் வாயைப் பிளந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்த காவலாளி, அவரைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கதவில் மாட்டப் போனவர், பின்னால் வந்த மனைவியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டு கேட்டார்:

“என்னம்மா, ஐயா சாயங்காலம்தான் வருவாருன்னு சொல்லியிருந்தீங்க... இப்ப இதை மாட்டணுமா, இல்ல ஐயாவுக்குப் பிரஷர் இறங்கிடுச்சா?”