காட்டுமாட்டுக்கு வணக்கம் வைத்த குதிரை

குன்னூர்

அன்புள்ள மச்சான் பாலமுருகனுக்கு, நஞ்சப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி மாலதியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே கோயமுத்தூரில் தாங்களும், தங்கள் தொப்பையும், சாரட்டு வண்டித் தொழிலும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்குள் நானே வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை கல்யாண ஊர்வலத்தில், வண்டி ஓட்டுகிற நான் மாப்பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் மாலைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன்.

எல்லாம் நீங்கள் வண்டியோடு கொடுத்த வெள்ளைக் குதிரையால்தான். மண்டப வாசலில் பெண் வீட்டார் எதிரே வந்து நின்றால் அது முன்னங்காலைத் தூக்கி வணக்கம் வைக்கும், வாயில் வாழைப்பழம் கொடுத்தால்தான் நகரும் என்றீர்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த மலையில் எதிரே வந்து நிற்பது பெண் வீட்டார் மட்டுமா? தேயிலைத் தோட்டத்து வளைவில் ஒரு காட்டுமாடு நடுரோட்டில் வந்து நின்றது. லாரி முன்பக்கம் மாதிரி நெற்றி. மேளக்காரர்கள் மேளத்தைப் போட்டுவிட்டு ஓட, உங்கள் குதிரை நேரே அதனிடம் போய், மூக்கோடு மூக்காக நின்று, காலைத் தூக்கியது.

"ஏனுங்கண்ணா, வண்டியத் திருப்புங்க!" என்று மாப்பிள்ளை வசந்தகுமார் கத்தினார்.

"எங்கீங்க தம்பி திருப்பறது? பழம் வாங்காம இது நகராதுங்க."

"அப்ப எம்மடியில இருந்தாவது எறங்குங்க!"

"அது மட்டும் முடியாதுங்க."

பின்னால் ஜீப்பில் வந்த அவர் அம்மா ராஜகுமாரி, சீர்த்தட்டில் இருந்த பழச்சீப்பை எடுத்து வீசினார். பாதியைக் குதிரை தின்றது, பாதியைக் காட்டுமாடு தின்றது. பிறகு அது தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. நான் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று முதல் காட்டுமாடு எங்கே தெரிந்தாலும் குதிரை கிட்டப் போய்க் காலைத் தூக்குகிறது. குன்னூரில் காட்டுமாடு வராத தெரு ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கல்யாணம் வேறு ஒத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினால் அந்த நெற்றிதான் மச்சான். ஞாயிற்றுக்கிழமைக்குள் லாரி அனுப்பி இந்தக் குதிரையைக் கூட்டிப் போய்விடுங்கள். காலே தூக்காத சோம்பேறிக் குதிரை, உங்களைப் போல ஒன்று, இருந்தால் அனுப்புங்கள். உங்கள் தங்கச்சி தாலி உங்கள் கையில்.

பெரியவர்களுக்குக் கும்பிடு, பிள்ளைகளுக்கு முத்தம், தங்களுக்கு நீண்ட ஆயுள், அதில் மிச்சம் இருந்தால் எனக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்

பின்குறிப்பு: லாரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டார் நடந்ததைக் கேள்விப்பட்டு, அதே குதிரைதான் வேண்டும் என்கிறார்கள். வண்டியை மாலதி ஓட்டுவாளாம், நான் முன்னால் பழக்குலையோடு நடக்க வேண்டுமாம். பழகிப் பார்க்கலாம் என்று இன்று காலை குலையைத் தூக்கிக்கொண்டு குதிரையோடு ரோட்டுக்குப் போனேன். இதைத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே குதிரையும் காட்டுமாடும் நிற்கின்றன. பழம் தீர்ந்துவிட்டது.